சட்டத்துக்குக் கீழே

வாயை மூடுங்கள். பல் தெரியக் கூடாது.
முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுங்கள்.
லெபோ பாசாரில் எட்டடிக் கடைக்குள்
ஒரு நாளைக்கு நாற்பது முறை
இதையே சொல்லிச் சம்பாதிக்கிறேன்.

அப்படியும் சில படங்களை
அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும்.
நெற்றியில் வெளிச்சம் தெறித்திருக்கிறதாம்.
தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம்.
ஆளுக்குப் பின்னால் நிழல் விழுந்திருக்கிறதாம்.
நிழல் விழாத ஆளுக்கு
நான் எங்கே போவது?

திரும்பி வந்த முகங்களை வீச மனம் வரவில்லை.
கறுப்பு வெள்ளையில் கதவளவு பெரிதாக்கி
மரவள்ளி மாவில் பசை காய்ச்சி
ஞாயிறு இரவில் பின்சந்தில் ஒட்டுவேன்.
வெய் ஷெங் வருவான்.
பகலில் தேநீர்க் கடையில் ஜவ்வரிசி வேகவைப்பவன்.
பைக்குள் ஸ்ப்ரே டப்பாக்கள் கடகடக்கும்.

கணக்கர் சோமசேகரத்தின் வழுக்கையில்
ஒரு மீன் தொட்டி வைத்தான்.
கல்யாணத் தரகு ஜைத்தூன் பீவியின் காதிலிருந்து
தொலைபேசிக் கம்பிகள் கிளம்பிச்
சந்து முனைவரை போய்
மூன்று காகங்களோடு நின்றன.
நான் வெள்ளை மார்க்கரால் பல் வரைவேன்.
பல் மட்டும்தான்.
மூடச் சொன்ன வாய்களுக்கெல்லாம்
நான் கட்டும் வட்டி.

புஷ்பலீலாவுக்கு அவன் இறக்கை வைத்தான்.
தோளில் தொடங்கிச் சாக்கடை மூடிவரை,
ஒவ்வோர் இறகும் தனித்தனியாக,
விடியற்காலை மூன்று மணிவரை.
செவ்வாய்க்கிழமைக்குள்
சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

புதன் காலை அவளே வந்தாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் இரவு வேலை முடிந்து
கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல்.
யாரோ கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார்கள்.

“யாரைக் கேட்டு ஒட்டுனே?”

யாரையும் கேட்கவில்லை.
பசியாறினீங்களா என்றேன், கேனத்தனமாக.
கிழித்துவிடட்டுமா என்றேன்.
அவள் சுவரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“பல்லு பரவால்ல.
இறக்கை எதுக்கு லா?
இருக்குற தோளே கழண்டு விழுது.
பன்னெண்டு மணி நேரம் நிக்கிறேன்.
ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்ல?”

என் சட்டைப் பையிலிருந்து
மார்க்கரை அவளே உருவிக்கொண்டாள்.

என் படங்கள் மார்போடு முடியும். சட்டம் அப்படி.
காகிதம் தீர்ந்த இடத்தில்,
பாசி கறுத்த வெறுஞ்சுவரில்
அவள் தொடங்கினாள்.
இடுப்பு.
மடியில் போட்ட கை.
ஒரு முட்டி மற்றதைவிடப் பெரிது,
வீங்கியதை வீங்கியபடியே விட்டாள்.
பிறகு ஒரு கோப்பிக் கடை நாற்காலி.
அதன் நான்காவது கால் வரவேண்டிய இடத்தில்
மழைத் தண்ணீர்க் குழாய் இருந்தது.
“அது தாங்கும்” என்றாள்.
கடைசியில் குந்தி உட்கார்ந்து
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்,
வரைந்த செருப்பை.
காலில் கிடந்ததை மாட்டியபடியே
பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாலையில் வெய் ஷெங் வந்து பார்த்தான்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
டப்பாவைக் குலுக்கி
இறகு இறகாக அழித்தான்.
ஒன்றை மட்டும் விட்டுவைத்தான்,
மடியில் கிடந்த கைக்கு விசிறியாக.
அடுத்த நாள் வந்தவர்கள்
இறக்கை எங்கே என்று என்னிடம் கேட்டுவிட்டு
வேறு சந்துக்குப் போனார்கள்.

மூன்றாம் முறை எடுத்த படத்தை
அலுவலகம் ஏற்றுக்கொண்டது:
நிழல் இல்லை, பல் இல்லை.
தீபாவளி லீவில் ஹாட்யாய் போகிறாளாம்.
போகட்டும்.

நான் இங்கே
முன்போலவே முக்காலியை நகர்த்துகிறேன்,
விளக்கைத் திருப்புகிறேன்.
அழுத்துமுன் ஒருமுறை குனிந்து
லென்ஸுக்கு எட்டாத இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.
இன்று வந்தவர்
வலது காலில் நீலச் செருப்பு,
இடது காலில் பச்சை.
நேராகப் பாருங்கள் என்றேன்.
பார்த்தார்.